என் சம்மதம் கேட்ட ஆயர்

அக்டோபர் 9

மழை. திராட்சை மிதிக்கும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இந்த வருடம் பாதிக்கு மேல் கொடியிலேயே அழுகிப் போனது. பறிக்க ஆள் இல்லை. கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது போக, யோன் ஆற்றுப் பக்கத்து எங்கள் ஊரில் புகை எழும்பும் வீடு பத்தொன்பது.

அப்பா பத்திரம் எழுதுகிறவராக இருந்தார். அவர் விட்டுப்போன பழைய பத்திரங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. விற்றவனும் இல்லை, வாங்கினவனும் இல்லை, பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. யார் கேட்கப் போகிறார்கள்?

என் மகள் லூப்பா போய் இன்றோடு எழுபத்தொரு நாள். ஐந்து வயது. தொடை இடுக்கில் கட்டி கண்டது, மூன்றாம் நாள் போய்விட்டாள். எங்கள் ஊர்ச் சாமி, கோயில் குரு, அவளுக்கு முந்தின வாரமே செத்திருந்தார், அதனால் செபம் சொல்ல ஆள் இல்லை. குழி வெட்டியது என் கணவர் உர்சின்தான். இறக்கினோம். மண் தள்ளினோம். கொஞ்ச நேரம் நின்றோம். வீட்டுக்கு வந்து நான் பருப்பு வேகவைத்தேன்.

நான் இன்னும் அழவில்லை. பக்கத்து வீட்டு ரகுண்டா தினமும் வந்து என் கண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பிராங்கு இனத்து விதவை, வாய்க்குக் கதவு கிடையாது. "இன்னிக்காவது அழுதியாடி, தொம்னிதா?" ஆடு கறந்தாச்சா என்று கேட்பதுபோலக் கேட்கிறாள்.

அக்டோபர் 12

மழை. முட்டைக்கோஸ். தூங்கினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இந்தப் பகுதிக் குருக்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் கௌதோமர் வந்தார். நகரத்திலிருந்து பதினோரு மைல், சேற்றில், நடந்தே வந்தார். கழுதை ஒன்று கூட வருகிறது, ஆனால் அதன்மேல் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சாடிதான் ஏறியிருக்கிறது. அவருக்கு அறுபது இருக்கும். போகிற ஊரிலெல்லாம் ஒரு குருவை முளைக்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். இப்போதே அவரைப் புனிதர் என்கிறவர்களும் உண்டு.

பூசை முடிந்து பிரசங்கம் வைக்கவில்லை. பீடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சாகப் போறவன் கையப் புடிச்சுக்க உங்க ஊர்ல ஆள் இல்ல. நான் எங்கேருந்து கொண்டு வர்றது? வானத்துலேருந்தா? உங்கள்ல ஒருத்தன்தான் வரணும். யார் வர்றீங்க? பொறுமையா சொல்லுங்க, நான் காத்திருக்கேன்."

காத்திருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாவு ஆலைக்காரன் தன் கட்டைவிரலை ஏதோ புதையல்போல ஆராய்ந்துகொண்டிருந்தான். பருப்பு ஒரு கொதி வரும் நேரம் போனது. அப்புறம் உர்சின் எழுந்தார்.

"செத்துப்போன நம்ம சாமிகிட்ட சின்ன வயசுல நாலு வருஷம் எழுத்துப் படிச்சேன், ஆண்டகை. பீப்பாய் செய்ய வந்து பாதி மறந்துருச்சு. பரவால்லையா?"

ஆயர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் உர்சினின் சட்டைத் தோளில் இருந்த ஒட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட ஒட்டு. நூல் நிறம் ஒத்துவரவில்லை. அதைத்தான் நினைத்தேன்.

அக்டோபர் 20

ஆயர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வெங்காயத்தாள் சூப்பு மூன்று அகப்பை. நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் உர்சினை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"மகளே, கல்யாணமானவனுக்கு நான் குருப்பட்டம் குடுக்கலாம். ஆனா பொண்டாட்டி சம்மதம் இல்லாம அவன் தலைமேல என் கை படக் கூடாது. பட்டம் ஆயிட்டா அவன் உனக்குப் புருஷன் இல்ல, கூடப் பொறந்தவன். ஒரே வீடு, வேற வேற அறை. நீயும் நேர்ச்சை எடுக்கணும். நாளைக்கு அவனே செத்தாலும் நீ இன்னொருத்தனக் கட்டிக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"சம்மதமா?"

"சரிங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏதாவது கேக்கணுமா?"

"இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்தட்டுங்களா?" என்றேன். அதைத்தான் கேட்டேன்.

வழக்கப்படி கணவனும் மனைவியும் ஒரு வருடம் ஒதுங்கி இருந்து பார்த்துவிட்டுத்தான் பட்டம். "ஒரு வருஷம் பொறுத்தா மிச்ச ஊரும் செபம் இல்லாமச் சாகும்," என்று ஆயர் கிறிஸ்து பிறப்புக்கு முந்தின ஞாயிறு என்று குறித்துவிட்டார். ஒன்பது வாரம். நல்ல மனிதர்தான். கையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்.

ரகுண்டாவுக்குச் செய்தி எட்டியதும் ஓடி வந்தாள். "ஒரு பேச்சுக்காவது மாட்டேன்னு சொன்னியா? கெழட்டு ஆட்ட விக்கவே அரை நாள் பேரம் பேசுவியேடி! புருஷன இப்படிச் சும்மா தூக்கிக் குடுத்துட்டியே!"

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் பேரம் பேசுவதற்கு நமக்கு ஒன்று வேண்டும் என்று இருக்க வேண்டுமே.

நவம்பர் 2

பட்டத்துக்கு வேதப்புத்தகத்துச் சங்கீதப் பாட்டு நூற்றைம்பதும் மனப்பாடமாக வேண்டுமாம். எனக்கு எல்லாம் தெரியும். அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே சங்கீதத்தை வைத்துத்தான். ஆகவே நானே சொல்லிக்கொடுக்கிறேன். உர்சின் பலகை இழைத்துக்கொண்டே திருப்பிச் சொல்கிறார். நாற்பத்தொன்றில் திக்குகிறார். மறுபடி சொல்கிறேன். மறுபடி திக்குகிறார்.

"உனக்குக் கோவமே வரலையா?" என்று இன்று கேட்டார்.

"எதுக்கு?"

"திக்குறதுக்கு."

"இல்ல."

இழைப்பதை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் நாற்பத்திரண்டாம் சங்கீதத்தை ஆரம்பித்தார்.

நவம்பர் 12, மார்த்தீனார் திருநாளுக்கு மறுநாள்

உர்சின் எங்கள் கட்டிலைப் பிரித்தார். கல்யாணத்துக்கு அவரே செய்த கட்டில், ஓக் மரம். ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, வரிசையாக அடுக்கி, அதே பலகையில் இரண்டு ஒடுக்கமான கட்டில் செய்துவிட்டார். நேர்த்தியான வேலை. கூடத்துக்கு நடுவே பலகைத் தடுப்பும் வந்தாயிற்று.

சாட்சி வேண்டும் என்பது விதி. குருவின் அறையில் ஒரு கோயில் ஆள் படுக்க வேண்டும், மனைவியின் அறையில் ஒரு பெண். அவருக்கு, கோயிலில் வாசகம் வாசிக்கும் கிழவர் பௌதீன். எனக்கு ரகுண்டா. "மாப்ள வீட்டுக்கு ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, காவலுக்கு ரெண்டு கெழங்க," என்று ரகுண்டா மூட்டையோடு வந்து சேர்ந்தாள். பௌதீன் அவளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 21

நகரத்துப் பெரிய கோயில். குளிர். கல்தரையில் கால் மரத்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் ஆயர் கேட்டார், நான் "சம்மதம்" என்றேன். கறுப்பு ஆடை கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். உர்சின் என் நெற்றியில் முத்தமிட்டு, "சமாதானம், சகோதரி," என்றார். அவர் உதடு உலர்ந்திருந்தது.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 25

காய்ச்சல். கோயிலுக்குப் போகவில்லை.

ஜனவரி 8

"சகோதரி, உப்பு எங்கே?"

"அலமாரியிலே."

இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

ஜனவரி 26

இப்போது என்னைச் சாமியாரம்மா என்று கூப்பிடுகிறார்கள். சில பேர் மரியாதையாக, சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கு இருபத்தேழு வயது.

பிப்ரவரி 17

ஆலைக்காரன் மனைவி ஔதாவின் கைக்குழந்தை இறந்தது. கொள்ளைநோய் இல்லை, குளிர்தான். உர்சின் போனார். நானும் போனேன்.

நன்றாகச் செய்தார். திக்கவில்லை. குழியருகே மண்டியிட்டு, அந்தச் சின்ன மூட்டையின்மேல் கை வைத்து, அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஔதா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழ அழ அவளுக்கு மூச்சு சீராவதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது உர்சினுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை ஓங்கி வைத்ததில் அடி விரிந்தது. எனக்குக் கோபம்! ஊரான் பிள்ளைக்குச் செபம் உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா? யார்மேல் இந்தக் கோபம்? உர்சின்மேலா? அவர் அன்றைக்குப் பீப்பாய் செய்கிறவர்தானே.

ரகுண்டா விரிந்த குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பாடா," என்றாள்.

பிப்ரவரி 18

கோபம் போய்விட்டது. மறுபடி ஒன்றும் இல்லை.

மார்ச் 20

தபசு காலம். பருப்பு, கிழங்கு, பருப்பு. துணி துவைக்கும் இடத்தில் ஔதாவின் தங்கை கேட்டாள்: "சாமியாரம்மா, ராத்திரியில சாமி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினா, நீங்க இந்தப் பக்கம் 'ஆமென்' சொல்லணுமாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் இருமுகிறார் என்பது நிஜம். இரண்டு வாரமாக. தேன் வைத்துக் காய்ச்சிய திராட்சை ரசத்தைப் பௌதீனிடம் கொடுத்தனுப்பினேன். பாதியைப் பௌதீன் குடித்துவிட்டார், மீசையில் தெரிந்தது.

ஏப்ரல் 12, பாஸ்கு ஞாயிறு, ஆண்டவர் உயிர்த்த நாள்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு நான் நன்மை, பூசை அப்பம், வாங்கும் முதல் நாள் இன்று. வரிசையில் நின்றேன். இடுப்பில் வெள்ளைத் துணி இருந்தது. பெண்கள் வலக்கைமேல் அதை விரித்து அதன்மேல்தான் அப்பம் வாங்க வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்கிறேன், தூக்கத்தில் கூட மறக்காது.

என் முறை வந்தது. எதிரே உர்சின், கையில் அப்பம். பத்து வருடம் தினமும் பட்டறையிலிருந்து வந்து ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை எனக்குத்தான் கொடுப்பார். நான் கையை நீட்டினேன். துணி இடுப்பிலேயே இருந்தது. வெறுங்கை.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவர் என் கையைப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போயிருக்க வேண்டும், அதுதான் சட்டம். போகவில்லை. அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. விரல் சூடாக இருந்தது.

நான் அழுதேன். கோயில் நடுவில், சத்தமாக, எட்டு மாதத்து அழுகை. ஐயோ, என்ன செஞ்சேன் நான், எதுக்குச் சரின்னு சொன்னேன், என் புருஷனை நான்தானே குடுத்தேன். ரகுண்டா வந்து அப்படியே அணைத்து வெளியே கூட்டிப்போனாள்.

ஏப்ரல் 15

பௌதீன் கோலை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார், ஆயரிடம் சொல்ல. போகும்போது என்னிடம், "எனக்கு உங்க மேல பகை இல்லம்மா. பாத்தத சொல்லணும், அதுக்குத்தான் என்னை அந்த அறையில படுக்க வச்சாங்க," என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 28

ஆயர் வந்தார். கோயிலின் பின்னறையில் என்னைத் தனியாகக் கேட்டார், கதவைத் திறந்து வைத்து. வெளியே ரகுண்டா.

"நேர்ச்சையை மீறினீங்களா?"

"இல்லைங்க. கை பட்டுச்சு, அவ்வளவுதான்."

"நம்புறேன். அப்புறம் ஏன் அப்படி அழுத?"

சொன்னேன். பட்டம் கொடுத்த நாளில் சம்மதம் என்று வாய்தான் சொன்னது, நான் அங்கே இல்லை என்று சொன்னேன். மகள் போனதிலிருந்து நான் எங்கேயும் இல்லை, அன்றைக்கு 'உன் வீட்டுக்குத் தீ வைக்கட்டுமா' என்று கேட்டிருந்தாலும் 'சரிங்க' என்றுதான் சொல்லியிருப்பேன் என்றேன். இப்போது திரும்பி வந்துவிட்டேன், வந்து பார்த்தால் வீட்டில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றேன். பேச்சு வழுக்கிக்கொண்டு வந்தது, நிறுத்த முடியவில்லை.

அவர் மூக்கைச் சிந்தினார்.

"அன்னிக்கு சூப்பு ஊத்தட்டுமான்னு கேட்ட பாரு. அப்பவே எனக்கு உறுத்துச்சு, மகளே. ஆனா எனக்கு ஆள் வேணும். கண்ணை மூடிக்கிட்டேன்." அப்புறம் சொன்னார்: "சுய நினைவில்லாம குடுத்த சம்மதம் சம்மதமே இல்ல. விண்ணேற்றத் திருநாளுக்கு வர்றேன். ஊர் முன்னாடி திரும்பக் கேப்பேன். மாட்டேன்னு நீ சொன்னா அவனை இறக்கி உன்கிட்டயே விட்டுருவேன். ஊருக்குக் குரு இருக்காது. சம்மதம்னு சொன்னா, அதுக்கப்புறம் மாத்த முடியாது. யோசி. இந்தத் தடவை நெசமாவே யோசி."

மே 3

உர்சினோடு தோட்டத்தில் பேசினேன். தனியாகப் பேசக் கூடாது, ரகுண்டா கூட நின்றாள், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு.

"நீ எதைச் சொன்னாலும் சரி," என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அந்த 'சரி'யத்தான் அக்டோபர்ல நான் சொன்னேன்! அது போதாதா? நீங்களும் சொல்லணுமா? என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

மண்ணைக் காலால் கிளறினார். "லூப்பா மூஞ்சி அப்படியே உன் மூஞ்சி. வீட்டுல உக்காந்து அதப் பாக்க முடியல. கோயில்ல உன்ன நான் பாக்க வேண்டியதில்ல. அதான் எழுந்தேன். ஆண்டவர் கூப்பிட்டாரான்னு எனக்குத் தெரியாது, தொம்னி. ஆள் சாகறப்ப பக்கத்துல உக்காந்தா என் கை நடுங்கல, அது மட்டும் தெரியும்."

தொம்னி என்று கூப்பிட்டார். ஆறு மாதம் ஆயிற்று.

"இப்ப பாக்க முடியுதா?"

பார்த்தார். "முடியுது."

"என்ன வேணும்?"

"வீடு," என்றார். அப்புறம் உடனே, "ஊருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

ரகுண்டா காதிலிருந்து விரலை எடுக்காமலே, "அதச் சொல்லத்தான் பொண்டாட்டி இருக்காளே," என்றாள்.

மே 14

ஔதா வந்தாள். ஒரு கூடை முட்டை. உட்காரவில்லை.

"என் புள்ளைக்கு நல்லபடியா செஞ்சாரு. எங்க அப்பா படுக்கையில கெடக்கார், இந்தக் கோடை தாங்காது. நீ மாட்டேன்னுட்டா அவருக்கு எண்ணெய் பூச யாரு வருவா? உனக்குப் புருஷன் ஒருத்தன். எங்களுக்கும் சாமி ஒருத்தர்தான்."

நான் முட்டையை வாங்கவில்லை. அவளும் திரும்ப எடுத்துப் போகவில்லை.

மே 20

நாளை. யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஔதா சொல்வதில் பொய் இல்லை. நான் சம்மதம் என்றால் நல்லவள். இன்னும் நாற்பது வருடம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நல்லவளாக இருக்கலாம்.

மே 21, விண்ணேற்றத் திருநாள்

"மாட்டேன்," என்றேன்.

ஆயர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன். சத்தம் கூடிவிட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "சுயநலம் புடிச்சவ!" ஆமாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆயர் உர்சினை முன்னால் வரச் சொன்னார். அவர் கழுத்தில் கிடந்த குருப்பட்டையை எடுத்தார். மடித்து வைப்பார் என்று நினைத்தோம். தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார், ஏற்கெனவே கிடந்த தன்னுடையதன் மேலேயே. அப்புறம் படியிறங்கி எங்கள் எல்லோருக்கும் முன்னால் முட்டி போட்டார். கிழட்டு முட்டி, சத்தம் கேட்டது.

"இவ மேல ஒரு சொல் யாரும் சொல்லாதீங்க. ஒரு வருஷம் பொறுக்க வேண்டியதை ஒம்பது வாரத்துல முடிச்சது நான். எழவு வீட்டுல போய்ச் சம்மதம் கேட்டது நான். உங்க சாமியை உங்ககிட்டேருந்து எடுத்தவனும் நான்தான். இன்னொருத்தன் கெடைக்கிற வரைக்கும் மூணு வாரத்துக்கு ஒருதடவ இந்த ஊருக்கு நானே குரு. நடந்து வர்றேன். மழையானாலும் வருவேன்."

பௌதீன்தான் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

மே 22

தடுப்பைப் பிரித்தாயிற்று. கட்டிலைப் பழையபடி சேர்க்கப் பார்த்தார், பலகையைக் குறுக வெட்டியதால் பழையபடி சேரவில்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. வைக்கோல் திணித்தோம்.

ஜூன் 14

பொது அடுப்பில் ரொட்டி சுட எனக்கு முறை தரவில்லை. ஆயர் சொல்லாதீர்கள் என்றார், அதனால் யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வணக்கமும்தான்.

ஜூலை 30

லூப்பா போய் ஒரு வருடம். இருவரும் வேலை செய்யவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்டு 19, புதன்

ஔதாவின் அப்பா நேற்று செத்துப்போனார். ஆயர் வர இன்னும் நான்கு நாள், வெயிலோ கொளுத்துகிறது, உடல் தாங்காது. எண்ணெய் பூசாமலே போய்விட்டார். என்னால்.

காலையில் ஔதா வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கண் வீங்கியிருந்தது.

"சாமி இல்லாட்டிப் போகட்டும். ரெண்டு பேருக்கும் சங்கீதம் தெரியுமில்ல? வந்து பாடுங்க. சும்மா மண்ணுக்குள்ள தள்ள மாட்டேன் எங்கப்பாவ."

உர்சின் என்னைப் பார்த்தார். குருவாக இருந்து இறக்கப்பட்டவர், அவர் எப்படி வருவது என்று யோசித்தார். "சும்மா ஊர்க்காரனா வாங்க," என்றாள் ஔதா. போனோம். குழிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். அவர் ஓர் அடி, நான் ஓர் அடி. ஆறு சங்கீதம் பாடினோம். ஊரே நின்று கேட்டது. யாரும் தடுக்கவில்லை.

நாலாவது சங்கீதத்தில் எனக்கு விளங்கியது. எனக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரியும். லூப்பாவை இறக்கியபோது நூற்றைம்பதும் என் வாயில் இருந்தது. சாமி இல்லை, சாமி இல்லை என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாடாதே என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அம்மா நான், பாடியிருக்கலாம்டி கண்ணே, பாடியிருக்கலாம்.

குரல் உடைந்தது. என் அடியையும் உர்சினே சேர்த்துப் பாடினார்.

ஆகஸ்டு 20

லூப்பாவிடம் போனோம். புல் முளைத்திருக்கிறது. பாடினோம். நேரமாயிற்று திரும்ப.

ஆகஸ்டு 23, ஞாயிறு

ஆயரிடம் நடந்ததைச் சொன்னோம், பயந்துகொண்டே. கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "நான் வராத நாள்ல இனிமே நீங்களே பாடுங்க," என்றார். ஔதா என் பக்கத்தில் வந்து நின்றாள். அடுப்பில் எனக்கு வெள்ளிக்கிழமை முறை.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஆயர் வந்தார். காலில் புண், துணி சுற்றியிருந்தது. பூசை முடிந்ததும் எப்போதும்போலப் படியில் உட்கார்ந்து, "யார் வர்றீங்க?" என்றார். எல்லோரும் எப்போதும்போலத் தரையைப் பார்த்தோம்.

"இன்னிக்கு யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றார். "வீட்டுக்குப் போங்க. சாப்பிடுங்க. மாட்டேன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, பொண்டாட்டியையும் சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் மனசு கேக்கலேன்னா வாங்க. அவசரமில்ல. நான் நடப்பேன்."

சிரித்தார்கள். ஆலைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. ஔதா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கழுதை நொண்டுகிறது என்று ஆயரின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உர்சின் யோன் ஆற்றுத் துறைவரை கூடப் போனார். போய் வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தது. வாசலில் நின்றேன். உள்ளே போனேன். மறுபடி வாசல். அப்படியே அவரோடு போய்விட்டால்? பேசிப் பேசி மனதை மாற்றிவிட்டால்?

வந்தார். துறையில் கால் வழுக்கி முட்டிவரை நனைந்து, சேற்றுக் காலோடு நேரே உள்ளே வந்து, நான் காலையில் பெருக்கிய தரையில் நின்று, "என்ன ஆச்சு, ஏன் அப்படிப் பாக்கற?" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். நேரம் ஆனதற்கு, காலுக்கு, தரைக்கு, போன அக்டோபருக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் சேற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரகுண்டா தன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு வருடம் கழித்து இப்போதுதான் என் சத்தம் அவள் வீடுவரை வருகிறது என்றாள்.